கிளவுடில் கணிப்பு: விலைப்பட்டியல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வானிலை, மூலக்கூறு கணிப்புகளுக்கு கிளவுடை (இணையம் வழி வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளை) நாடும் ஆய்வாளர்கள் மணிக்கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது கவலை தருகிறது. அமேசானின் சி5என்.18எக்ஸ்லார்ஜ் என்ற வாடகைக் கணினியில் 72 விசிபியு (மெய்நிகர் செயலி) என்றிருக்கும். உள்ளே உண்மையில் இருப்பவை 36 செயலிக் கோர்கள்தான். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெட்டிங்கை அணைத்து, கோருக்கு ஓர் எம்பிஐ பிராசஸ் (எம்பிஐ என்பது வேலையைப் பகிரும் நிரல்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் முறை) என்று தொடங்குவதே நல்லது.

பல கணினிகளில் ஓட்டும்போது இடிப்பது நெட்வொர்க். கணிப்பின் ஒவ்வொரு காலப்படியிலும், கணினிகளின் பங்குகள் சந்திக்கும் எல்லைத் தரவு அவற்றுக்கிடையே கைமாறுகிறது. ஒன்று தாமதித்தால் மற்றவை அத்தனையும் சும்மா காத்திருக்கும், மீட்டர் மட்டும் ஓடும். எல்லாக் கணினிகளையும் அருகருகே வைக்கும் ஒரே 'கிளஸ்டர்' பிளேஸ்மென்ட் குரூப்பில் கேளுங்கள். அமேசானின் வேக நெட்வொர்க் இணைப்பான ஈஎஃப்ஏ இயங்குகிறதா என்று 'எஃப்ஐ_இன்ஃபோ' கட்டளையால் முதலிலேயே பாருங்கள். இல்லையென்றால் எம்பிஐ சத்தமில்லாமல், மெதுவான வழக்கமான நெட்வொர்க் முறையான டிசிபிக்கு இறங்கிவிடக்கூடும். விடை சரியாகவே வரும், பில்தான் ஏறியிருக்கும்.

உபரியாக இருக்கும்போது மலிவாகத் தந்து, தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஸ்பாட் கணினியைப் பறிக்குமுன் அமேசான் தரும் அவகாசம் 2 நிமிடம். கூகுளில் 30 விநாடிதான். பெரிய செக்பாயின்ட்டை (நின்ற இடத்திலிருந்து தொடர உதவும் பதிவை) அதற்குள் எழுத முடியாமல் போகலாம். சீரான இடைவெளியில், கணினியோடு அழிந்துபோகும் உள்டிஸ்கில் அல்லாமல் பொதுச் சேமிப்பகத்தில் எழுதி வையுங்கள்.

தரவை வெளியே இறக்கவும் கட்டணம் உண்டு. ஆய்வு நிதி தருவோர் அதற்கெனத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்