ஒப்பாரியையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போர்க் கவிதைகள் பற்றிய கட்டுரை படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் பாதிக்கு மேல் வீரமும் வாளுமாகவே போய்விட்டது. புறநானூற்றின் 112-ஆம் பாட்டு எப்படி விடுபட்டது? செத்தவர் கணக்கு அதில் இல்லை. அன்றைய நிலவில் அப்பாவும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை என்கிறார்கள் பாரியின் பெண்கள். ஐந்தே அடி.

பர்மாவில் எங்கள் மோல்மேனுக்குத் தெற்கே, தன்பியுசாயாவில், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் இறந்த போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 3,700-க்கும் மேற்பட்ட கல்லறைகள். பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்து, புல்லைக்கூட ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். சரி, அது நியாயம்தான். 1942-43இல் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அதே பாதைக்குக் கொண்டுவரப்பட்டு மடிந்த தமிழர்கள் அந்தப் பெயர்களுக்குள் இல்லை.

அதே 1942இல் ஜப்பானியப் படைக்குத் தப்பி இங்கிருந்து நடந்தே இந்தியா போனவர்களும் உண்டு. வழியில் விழுந்த மகனிடம் ‘கட்டிக் கொடுத்த சோற்றைத் தின்னாயோ’ என்று கேட்கும் ஒப்பாரியை எங்கள் பக்கத்துப் பாட்டிமார் இன்றும் பாடுகிறார்கள். அதுவும் போர்க் கவிதைதான். வாரம் ஒன்றாவது கேட்டு வாங்கிப் போடுங்கள்.

ஒரு வாசகி,
மோல்மேன்