அரிசிமணி அளவில் ஒரு துளிர்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன், பிறகு கூரை வேலை என்று நாள் ஓடிவிட்டது. ஆனாலும் நாலு வரி எழுதியிருக்கலாம். மன்னித்துக்கொள். அம்மா இப்போது நன்றாகப் பார்க்கிறா. நீ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "பொடியன் மெலிஞ்சு போனான்" என்றா. உன்னைப் பார்த்து அப்படிச் சொல்ல அவவால்தான் முடியும்.

இன்று காலை மீன்தொட்டியில் ஒன்றைக் கண்டேன். அதைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன். புதுத் தொட்டிக்கு மாற்றிய கிரிப்டோகோரைன் வென்டி என்ற நீர்ச்செடி, ஒரு கிழமைக்குள் இலையெல்லாம் கண்ணாடிபோல் வெளிறி, தொட்டால் விரலில் கூழாய் ஒட்டியது. பிடுங்கி எறியப் போனேன். கண்ணில் கட்டோடு இருந்த அம்மா, "வேர் இருக்கோ பார். இருந்தால் விடு" என்றா. விட்டேன். இன்று மணலுக்கு மேலே மூன்று துளிர், அரிசிமணி அளவில், மண்ணிறத்தில், ஊசிபோல் சுருண்டபடி!

உன் மகளின் செடிக்கும் இதுதான் நடந்திருக்கிறது. அழுகிவிட்டது, பிளாஸ்டிக் செடி வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், மச்சான். தண்ணீர் மாறினால் இந்தச் செடி பழைய இலையைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீருக்கென்று வேறு இலை விடும். அழுகியதை மட்டும் நறுக்கி எடுக்கச் சொல், விட்டால் தண்ணீர் கெடும். பிறகு சில கிழமை பொறுக்கட்டும். நீ சின்னனில் மாங்கொட்டையை நாளுக்கு இரண்டு தரம் தோண்டிப் பார்த்தாயே, அந்தப் புத்தி அவளுக்கும் இருக்கும். கையைப் பிடித்துக்கொள்.

இது நம் நாட்டுச் செடி, தெரியுமா? இயற்கையாக இலங்கையில் மட்டும்தான் வளர்கிறது. 1958இல் டி விட் என்ற ஒல்லாந்துத் தாவரவியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். உலகம் முழுக்கப் புதிதாய்த் தொட்டி வைப்பவர்கள் நம்பி வாங்கும் செடி நம் ஓடைக்கரையில் பிறந்தது என்று நினைக்க எனக்குப் பெருமையாய் இருக்கிறது. அதற்காக ஓடையில் போய்ப் பிடுங்காதே. இதன் உறவுச் செடிகளில் சில காட்டில் அருகிவிட்டன. கடையில் வளர்த்த கன்று கிடைக்கும், அதை வாங்கு.

இன்னும் இரண்டு சொல்கிறேன். அனூபியாஸ், ஜாவா ஃபேர்ன். மங்கின வெளிச்சமே போதும், உரமும் பெரிதாய்க் கேட்காது. ஆனால் இரண்டுக்கும் கிடையாய் ஓடும் தடித்த தண்டு உண்டு, அதை மணலில் புதைத்தால் அழுகும். கட்டையோடு தங்கூசியால் கட்டிவிடு, வேர் தானே பிடித்துக்கொள்ளும். ஜாவா ஃபேர்ன் இலையின் அடியில் கறுப்புப் பொட்டுகள் வரும். நோயென்று வெட்டிவிடாதே, அவை அதன் வித்திகள் இருக்கும் இடம். விதைக்குப் பதில் அதற்கு வித்திதான்.

உங்கள் வவுனியாக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாய்ப் படியுமே, அதற்கு வலிஸ்னேரியா தோதானது. நாடா மாதிரி இலை. மணலுக்குள் வெள்ளைக் கொடி ஓட்டி, கொஞ்சம் தள்ளிக் குட்டி போடும். நடும்போது குருத்து மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். போனமுறை நிலாவெளியில் அள்ளிக்கொண்டு போன மணலை மட்டும் தொட்டியில் போடாதே. அதில் சிப்பித்தூள் இருக்கிறது, சுண்ணாம்பு இன்னும் ஏறும். கழுவிய ஆற்றுமணல் போதும்.

தொட்டியை யன்னல் வெயிலில் வைக்காதே, பாசி மூடிவிடும். விளக்கு 6 முதல் 8 மணித்தியாலம் எரிந்தால் சரி. தங்கமீனும் வேண்டாம், செடியைத் தின்றும் கிளறியும் தீர்த்துவிடும். கப்பி மீன் வாங்கிக் கொடு.

சுருட்டர் கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். பின்னேரங்களில் கடற்கரையில் தனியாக இருக்கிறார். உன்னைக் கேட்டார், இரண்டு தரம். குரல் முந்தி மாதிரி இல்லை, மச்சான். தள்ளிப்போடாமல் ஒருக்கால் வந்து பார்.

பள்ளி விடுமுறைக்கு மகளையும் கூட்டி வா. என் தொட்டியில் வலிஸ்னேரியா ஆறு குட்டி போட்டிருக்கிறது. ஈரக் கடதாசியில் சுற்றித் தருகிறேன், வவுனியா பஸ்ஸில் வாடாது.

உன் அன்பு மச்சான்