அரிக்கமேட்டுப் பானை யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வெளியான தொல்லியல் கட்டுரையைப் படித்தால், புதிய அகழாய்வுகள் வந்து பழைய கோட்பாடுகளை மொத்தமாகத் துடைத்துப் போட்டுவிட்டன என்று தோன்றும். புதுச்சேரிக்குப் பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது தென்னிந்தியப் பானைகளுக்கு உறுதியான காலக்கணக்கு கிடையாது. இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்து, குயவர் முத்திரை குத்திய சிவப்புக் கலங்களுக்கோ காலம் தெரியும். அந்தக் கலம் கிடந்த மண்ணடுக்கில் கூடவே கிடந்த உள்ளூர்ப் பானைக்கும் காலம் சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு. இந்த முறை இன்றும் நடப்பில் இருக்கிறது. அவர் சறுக்கியது அடுத்த படியில். உட்பக்கம் வட்ட வட்டமாகப் புள்ளிவரி ஓடும் ரௌலட்டட் கலத்தையும் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு என்று கருதினார். நேர்த்தியான பொருளா, வெளியிலிருந்துதான் வந்திருக்கும் என்பது அக்காலத்து நினைப்பு. பிறகு களிமண்ணைப் பகுத்துப் பார்த்ததில் அது இந்தியாவில் வனைந்தது என்று தெரிந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் தோண்டி, ரோமானியக் கலங்கள் வருமுன்பே அங்கே ஊர் இருந்ததைக் காட்டினார்கள். அடுக்கு பார்த்துத் தோண்டும் வீலரின் பழக்கத்தை மட்டும் யாரும் கைவிடவில்லை. குழியை 20 செ.மீ., 20 செ.மீ. என்று சமமாக இறக்கினால், பின்னாளில் யாரோ வெட்டிய குப்பைக்குழியின் சாமான் கீழடுக்குச் சாமானோடு ஒரே பையில் போய்விடும். மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறும் இடத்தில் கையை நிறுத்தி, குப்பைக்குழி மண்ணை முதலில் தனியே அள்ளிவிட வேண்டும்.

கீழடிக்கு 'கி.மு. 580' என்று மொட்டையாகப் போட்டிருந்தீர்கள். அது 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரியின் ஆண்டு. கரியிலும் தானியத்திலும் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் கணிப்பில் கி.மு. 800 முதல் 400 வரையான காலம் தொல்லை பிடித்தது. அந்த அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் திருத்த வளைகோடு அங்கே கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடப்பதால், 750இல் வெட்டிய மரமும் 450இல் வெட்டிய மரமும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். வைரம் பாய்ந்த நடுமரத்தின் கரி என்றால், மரத்தை வெட்டிய ஆண்டைவிட மூத்ததாகவே கணக்கு வரும். நெல்மணி போல ஒரு பருவத்தில் விளைந்து முடிந்த பொருள் கிடைத்தால் அந்தக் குழப்பமாவது இல்லை.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற பழைய கல்வெட்டான சிங்கப்பூர்க் கல்லில் சோழரைத் தேடும் நம்மவர் ஆர்வமும் புரிகிறது. ஆனால் கல்லை 1843இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். தேசிய அரும்பொருளகத்தில் இருப்பது ஒரு துண்டு, அதன் எழுத்தை இன்னும் படித்தாகவில்லை. எல்லாம் ரோமிலிருந்து வந்தது என்றவரும் எல்லாம் நம்முடையது என்பவரும் வழுக்கி விழுவது ஒரே படியில்தான். சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984இல் கிடைத்த 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பானையோடுகளின் கதை வேறு. அவை மண்ணடுக்கோடு கிடைத்தவை.

அடுத்த முறை ஓர் ஆண்டைப் போடும்போது, முன்பின் எத்தனை ஆண்டு வரை நகரலாம், எந்த அடுக்கு, என்ன மாதிரி என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்