கடைசிப் பக்கங்களைத் தைத்திருக்கிறேன்

திருநகர், மதுரை
ஐப்பசி 20

அன்புள்ள செண்பகம்,

கார்த்தியின் மச்சினன் இன்று இரவு ரயிலில் பெங்களூரு வருகிறான். அவனிடம் ஒரு துணிப்பை கொடுத்திருக்கிறேன். மூன்று புத்தகங்கள், ஒரு டப்பா பருப்புப் பொடி, வாழையிலையில் சுற்றிய மல்லிகை இரண்டு முழம். பையைப் பிரித்ததும் முதலில் பூவைத் தண்ணீர் தெளித்து வை. மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

நான் நலம். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. சரோஜா அக்கா வீட்டை விற்றுவிட்டார்கள். வைகையில் இரண்டு வாரமாகத் தண்ணீர் ஓடுகிறது.

உன் கடிதம் ஆனியில் வந்தது. இப்போது ஐப்பசி. நான்கு மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்கு வேலை, உடம்பு என்று எந்தச் சாக்கும் சொல்ல மாட்டேன். ஒன்பது தடவை எழுத உட்கார்ந்தேன். அண்ணன் போய் நாற்பது நாள்கூட ஆகாதபோது நீ எழுதியிருந்தாய்: இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கம் இல்லை, பழையபடி ஒரு காதல், ஒரு திகில், ஒரு வாழ்க்கை என்று மூன்று புத்தகம் சொல் என்று. அடுத்த வரியில், துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் தேவாரமும் கருட புராணமும் கொண்டுவந்து தருகிறார்கள், அலமாரியில் நான்கு கருட புராணம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய்.

அந்த நான்கு கருட புராணத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் கணவனை இழந்த பெண் இனி வைகுண்டத்தையும் நரகத்தையும் பற்றி மட்டும்தான் படிக்க வேண்டும் என்று யார் விதித்தது? அண்ணன் இருந்தபோது ராத்திரி பன்னிரண்டு மணிவரை சுஜாதாவின் கணேஷ்–வசந்த் துப்பறியும் கதை படித்துவிட்டுக் காலையில் அவருக்குக் கதை சொன்ன செண்பகம், அவர் போனதும் எங்கே போய்விடுவாள்? என் மருமகளிடம் சொன்னேன். அவள் நல்ல பெண்தான். அவளே, "துக்க வீட்டுக்குக் கொலைக் கதையா அத்தை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னேன்: "அவளுக்குத் துக்கம் பகல் முழுக்க இருக்கிறது, ராத்திரி மூன்று மணிக்காவது வேறு ஒருவருடைய கவலையைப் படட்டுமே."

எனவே திகிலிலிருந்து தொடங்குகிறேன். இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா'. இதைத்தான் 'விடாது கருப்பு' என்று தொலைக்காட்சியில் பார்த்தோம். உன் மாமியார் தொடர் தொடங்கும் முன்பு கற்பூரம் ஏற்றிவிட்டு உட்கார்ந்ததையும், கார்த்தி குதிரைச் சத்தம் கேட்டதும் என் முந்தானைக்குள் ஒளிந்ததையும் மறந்திருக்க மாட்டாய். அதனால் கதை தெரியும் என்று ஒதுக்கிவிடாதே. எழுத்தில் படிப்பது வேறு. தப்பு செய்தவனைக் கருப்பே நேரில் வந்து தண்டிக்கிறார் என்று நம்பும் ஒரு கிராமம். அங்கே நம்பாதவர்கள் வந்து சேருகிறார்கள். சாமியா, ஆளா என்ற ஒரே கேள்வியை அவர் எங்கும் அறுந்துவிடாமல் இழுத்துக்கொண்டு போகிறார். சுஜாதா 'கொலையுதிர் கால'த்தில் பேயா விஞ்ஞானமா என்று நம்மைத் தவிக்கவிட்டார் அல்லவா, அது மூளைக்கு. இது அடிவயிற்றுக்கு. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் நின்றவர்களுக்குத்தான் இது முழுதாகப் புரியும். அங்கே சிலை தெரியாது. சந்தனம் பூசிய, சாத்திய கதவைத்தானே கும்பிடுகிறோம்? மூடிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற அந்த நடுக்கம்தான் நாவல் முழுக்க. இந்திரா சௌந்தர்ராஜன் நம் ஊரில் வாழ்ந்தவர். 2024 நவம்பர் 10 அன்று இங்கேயே காலமானார். செய்தி பார்த்த அன்று உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம். கடைசிப் பத்துப் பக்கங்களை ஊசி நூலால் தைத்து அனுப்பியிருக்கிறேன். வாடகை நூலகத்தில் பாய் எத்தனை தடவை சொல்லியும் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் பழக்கத்தை நீ விடவில்லை. படித்ததோடு நிற்காமல் என்னிடமும் சொல்லிவிடுவாய். நாற்பது வருடக் கோபம் அது. ஒழுங்காக அந்த இடம் வந்த பிறகு கத்தரிக்கோலை எடு.

வாழ்க்கை என்று நீ கேட்டதற்கு முதலில் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' அனுப்பத்தான் நினைத்தேன். படுத்துக்கொண்டு படித்தால் நெஞ்சில் செங்கல் வைத்ததுபோல் இருக்கும், அத்தனை கனம். கை வலி தீரட்டும். அதற்குப் பதில் மிகச் சிறிய புத்தகம் ஒன்று: கே.ஏ. குணசேகரனின் 'வடு'. 2005இல் வந்தது. 'மனுசங்கடா' பாட்டைப் பாடியவர். பின்னாளில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். இளையான்குடியில் வளர்ந்த பிள்ளைப் பருவத்தைச் சொல்கிறார். பசியைச் சொல்லும்போதும் குரலை உயர்த்துவதில்லை. பாட்டுக்காரர் என்பதால் ஒவ்வொருவர் பேச்சும் காதில் விழுகிறது. இளையான்குடியில் இஸ்லாமியர்கள் முறை வைத்துக் கூப்பிட்டுப் பழகுகிறார்கள், ஆனால் உறவுக்காரர்களைப் பார்க்கக் கிராமங்களுக்கு நடந்து போனால், வழியில் தண்ணீர் கேட்டால்கூட முதல் கேள்வி "நீங்க என்ன ஆளுக?" என்பதுதான்.

செண்பகம், சிவகங்கையில் உன் அம்மா வீட்டிலிருந்து இளையான்குடி எவ்வளவு தூரம்? லீவு விட்டால் அங்கேயே கிடந்தோமே. இந்தப் புத்தகத்தைப் படித்த இரவு எனக்கு உங்கள் வீட்டுப் பின்கட்டு ஞாபகம் வந்தது. அங்கே ஆணியில் ஓர் அலுமினியக் குவளை தொங்கும். வெள்ளையம்மா அதைத் தானே எடுத்து, தானே கழுவி, தானே மாட்டுவாள். அவள் நமக்கு எத்தனை கதை சொல்லியிருக்கிறாள்! திகில் கதையை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளிடம்தான் கற்றோம். அந்தக் குவளை ஏன் ஆணியில் தொங்குகிறது என்று நாம் ஒரு நாளும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் மகன் எங்கே இருக்கிறான் என்று உன் தம்பிக்குத் தெரியுமா? விசாரித்து எழுது. நான் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போது காதல். நான்கு மாதம் தாமதமானது இதனால்தான்.

புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்தார்களே கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்கே வியாழக்கிழமைதோறும் போகிறேன். பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும்; டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் செலவில்லை. சிம்மக்கல் நூலகத்தில் ஒரு நாற்காலிக்கு நாம் இரண்டு பேர் உட்கார்ந்ததை நினைத்துக்கொண்டு, இங்கே ஜன்னலோரம் தனி நாற்காலியில் உட்காருகிறேன். அங்கேதான் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' கையில் கிடைத்தது. ஒரே இருப்பில் படித்தேன். மூடுகிற நேரம் என்று அந்தப் பெண் வந்து சொன்னபோது எனக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை.

எப்படி இந்த மனிதரைத் தவறவிட்டோம்? சிங்கம்புணரிக்காரர். 1920இல் பிறந்தவர். இளம் வயதிலேயே சுமத்ராவில் மெடான் நகரத்துக்கு வேலைக்குப் போய், யுத்தத்தையெல்லாம் அங்கே பார்த்து, திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் நாற்பது வருடம் வேலை பார்த்திருக்கிறார். மனைவியை அங்கேயே பிரசவத்தில் இழந்தவர். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையிலேயே வாழ்ந்தார். எழுதியது இரண்டே நாவல். முதல் நாவல், எழுதிப் பல வருடம் கழித்துக் கலைமகள் பரிசு பெற்று 1959இல் வெளிவந்தது. இரண்டாவது 'புயலிலே ஒரு தோணி', அதுவும் ஏறத்தாழப் பத்து வருடம் காத்துக் கிடந்து 1972இல் வந்தது. பிறகு அவர் எழுதவே இல்லை. 1997 டிசம்பர் 30 அன்று இறந்தார். அந்த நாட்களில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார். உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கருப்பு எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நம் ஊரிலேயே, நாம் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில், இத்தனை பெரிய எழுத்தாளர் ஓர் அறையில் தனியாக இருந்திருக்கிறார். ஊரில் உள்ள புத்தகம் அத்தனையும் படித்தோம் என்று பெருமை பேசிய நமக்கு அவர் பெயர்கூடத் தெரியவில்லை. போய் ஒரு வணக்கம் சொல்லியிருக்கலாமே என்று மனம் ஆறவே மாட்டேன் என்கிறது.

கதை பினாங்கில் நடக்கிறது. செல்லையா வட்டிக்கடையில் வேலை பார்த்தவன். யுத்தம் வந்ததும் நேதாஜியின் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கிறான். யுத்தம் முடிந்து திரும்பி வருகிறான். முதலாளியின் மகள் மரகதம் அவனுக்காகக் காத்திருக்கிறாள். பட்டாளத்துக்குப் போனவன் இனிக் கடைக்கு லாயக்கில்லை என்கிறார் அவள் அப்பா. கதை இவ்வளவுதான். யாரும் வில்லன் இல்லை. அப்பாவுக்கும் அவர் பக்கம் ஒரு நியாயமும் ஒரு துயரமும் இருக்கின்றன. செல்லையாவும் மரகதமும் பேசிக்கொள்ளும் இடங்களில் வார்த்தை மிகக் குறைவு. 'மோகமுள்'ளில் காதல் கும்பகோணத்துத் தெருவெல்லாம் சங்கீதமாகச் சுற்றிவரும். நீ அதைத்தான் தமிழிலேயே பெரிய காதல் கதை என்று சொல்வாய், நானும் தலையாட்டுவேன். இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிங்காரத்திடம் சங்கீதம் இல்லை. வரவு செலவுக் கணக்கு, வெயில், பினாங்குத் தெரு, வாசற்படியில் நிற்கும் ஒரு பெண். படித்து முடித்தால் நெஞ்சு நிறைந்துபோகிறது.

ஏன் தயங்கினேன் என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். அண்ணன் போய்விட்ட துக்கத்துக்காக மட்டும் தயங்கவில்லை. 1984 சித்திரையில், ஆற்றில் அழகர் இறங்கிய அன்று, மண்டகப்படிப் பந்தலுக்குப் பின்னால் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. உன் அப்பா மறுநாள் சொன்னதையும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நாம் அதைப் பேசியதே இல்லை. இரண்டே வருடத்தில் அண்ணனைக் கட்டிக்கொண்டாய். கல்யாணத்தன்று உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் முப்பத்தொன்பது வருடம் உன்னையும் அவரையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். ஆஸ்பத்திரியில் அவருக்கு நகம் வெட்டிவிட்டாய் என்று கார்த்தி சொன்னான். அது கடமைக்குச் செய்கிற காரியம் இல்லை. அதுவும் காதல், முன்னால் இருந்ததும் காதல். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருந்தவளுக்குக் கொடுக்க வேண்டிய புத்தகம் இது என்று ஒரு நாள் தோன்றுகிறது. அடுத்த நாள், இந்த நேரத்தில் போய் அதைக் கிளறலாமா என்று பயமாக இருக்கிறது. இப்படியே நான்கு மாதம்.

தமுக்கத்தில் நடந்த புத்தகத் திருவிழாவில் இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. என் பிரதியில் கோடு போட்ட இடங்களை உன் பிரதியில் போடவில்லை. நீயே போடு. பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

படிக்கும் வரிசையும் சொல்கிறேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் 'கருப்பா'வைத்தான் எடுக்க வேண்டும். 'வடு' பகலில், ஆளில்லாத நேரத்தில். 'கடலுக்கு அப்பால்' எப்போது வேண்டுமானாலும், ஆனால் போன் பக்கத்தில் இருக்கட்டும். நான் எந்த நேரத்திலும் எடுப்பேன்.

பூவை வைத்துக்கொள். யாரையும் கேட்காதே.

'கருப்பா'வைத் தைத்ததுபோல் 'கடலுக்கு அப்பா'லையும் தைக்க ஊசியில் நூல் கோத்துவிட்டேன். பிறகு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அதில் நீ கடைசிப் பக்கத்தை முதலில் படித்துக்கொள்.

என்றும் உன்,
மீனா