பொத்தான்களை இடம் மாற்றும் முன் எங்களைக் கேளுங்கள்

மின்னஞ்சல் மென்பொருள்களை வடிவமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். இது எந்த ஒரு நிறுவனத்துக்கும் எழுதியது இல்லை, உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். அடுத்த முறை திரையைப் புதுப்பிக்கும்போது நிறம் மாற்றுங்கள், எழுத்துரு மாற்றுங்கள், என்ன வசதி வேண்டுமானாலும் சேருங்கள். பொத்தான்களின் இடத்தை மட்டும் எங்களைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

நாள் முழுக்க அஞ்சல் பெட்டியோடு வேலை செய்கிறவர்கள் திரையைப் படித்துப் படித்துச் சொடுக்குவதில்லை. கண் கடிதத்தில் இருக்கும், கை தானாகவே போகும். பல வருடப் பழக்கம் அது. எங்கள் அலுவலகத்தில் அண்மையில் ஒரு புதுப்பிப்பு வந்தது. காலையில் திறந்தால், பொத்தான்களில் இருந்த எழுத்தெல்லாம் போய் வெறும் அம்புக்குறிப் படங்கள். 'பதிலளி' இருந்த இடத்தில் 'அனைவருக்கும் பதிலளி' உட்கார்ந்திருந்தது. இரண்டு படத்துக்கும் வித்தியாசம், ஒன்றில் ஒரு அம்பு, இன்னொன்றில் இரண்டு. அன்றைக்கே என்னோடு வேலை செய்யும் ஒருவர், தன் மருத்துவ விடுப்பைப் பற்றி மேலாளருக்கு மட்டும் எழுதிய பதில் குழு முழுவதற்கும் போய்விட்டது. தன் உடம்பைப் பற்றி யாரிடமும் பேசாதவர் அவர். "அனுப்பும் முன் பார்த்திருக்கலாமே" என்று சொல்வது சுலபம். அவர் பார்க்காமலேயே சரியாக அனுப்ப முடிகிற அளவுக்கு அந்தப் பொத்தான் அத்தனை வருடம் ஒரே இடத்தில் இருந்தது என்பதுதான் விஷயம்.

பார்வை குறைந்தவர்களின் நிலைமை இதைவிட மோசம். திரையைப் பல மடங்கு பெரிதாக்கி வேலை செய்பவருக்கு ஒரு நேரத்தில் ஒரு மூலைதான் தெரியும். மேல் இடப்பக்கம் போனால் 'காப்பகம்', அதற்கு அடுத்தது 'நீக்கு' என்று மனதில் ஒரு வரைபடம் வைத்துத்தான் அவர் நடமாடுகிறார். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர், எத்தனை முறை டேப் விசையைத் தட்டினால் எங்கே போய்ச் சேருவோம் என்று கணக்கு வைத்திருப்பார். நீங்கள் ஒரு பொத்தானை நடுவில் நுழைத்தால் அந்தக் கணக்கு முழுக்கத் தப்பிப்போகிறது. உங்களுக்கு அது ஒரு சின்னத் திருத்தம். அவருக்கு முதலிலிருந்து பாடம்.

அடித்தளத்தில் இந்தத் தொழில்நுட்பம் எவ்வளவு பொறுப்பாக நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1971-ல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் மின்னஞ்சல் முகவரிக்கு நடுவில் போட்ட அந்த @ குறி இன்றும் அங்கேயே இருக்கிறது. அனுப்புநர், பெறுநர், சிசி (நகல்), பிசிசி (மறைநகல்), பொருள், தேதி என்ற தலைப்பு வரிகளை 1982-ல் ஆர்எஃப்சி 822 என்ற மின்னஞ்சல் தர ஆவணம் வரையறுத்தது. 2001-லும் 2008-லும் அதைத் திருத்தி எழுதினார்கள். அப்போதும் இந்த வரிகளை அப்படியே விட்டுவைத்தார்கள். அதனால்தான் யார் எந்த மென்பொருளில் எழுதினாலும் எனக்குக் கடிதம் வந்து சேர்கிறது. அடியில் இவ்வளவு நிதானம். மேலே இருக்கும் திரை மட்டும் ஏன் நிலைகொள்ள மாட்டேன் என்கிறது? அந்த சிசி, பிசிசி பெட்டிகளையே பல மென்பொருள்கள் ஒரு சொடுக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டன.

புதியது எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதியதை ஆசையாகக் கற்றுக்கொண்டவர்களும் உங்களிடம் அடிபட்டிருக்கிறார்கள். 2014-ல் கூகுள் 'இன்பாக்ஸ்' என்று ஒரு தனிச் செயலியைக் கொண்டுவந்தது. கடிதங்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்துக் காட்டும், வேண்டிய நேரத்துக்குத் தள்ளிவைக்கலாம். பலர் அதற்கென்றே தங்கள் வேலைமுறையை மாற்றிக்கொண்டார்கள். 2019-ல் அதை மூடிவிட்டார்கள். ஆக, பழையதைப் பிடித்துக்கொண்டாலும் பறிபோகிறது, புதியதைப் பிடித்துக்கொண்டாலும் பறிபோகிறது.

நன்றாகச் செய்தவர்களையும் சொல்லிவிடுகிறேன். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் 2023-ல் தன் 115-ஆம் பதிப்பில் முகப்பையே திருத்தி அமைத்தது. கடிதங்களை அட்டை அட்டையாகக் காட்டும் வடிவம் வந்தது. ஆனால் பழைய அட்டவணை வடிவத்தையும் தேர்ந்தெடுக்கலாம், வரிகளை நெருக்கமாகவோ தளர்வாகவோ வைத்துக்கொள்ளலாம். அந்த மாற்றத்திலும் குறை கண்டவர்கள் உண்டு, இருந்தாலும் எங்களுக்கென்று ஒரு வழி விட்டார்கள்.

பெரும்பாலான இடங்களில் அந்த வழி பெயருக்குத்தான் இருக்கிறது. 'பழைய தோற்றத்துக்குத் திரும்பு' என்று ஒரு சுட்டி இருக்கும். அதை அழுத்தினால், ஏன் திரும்புகிறீர்கள் என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். பொறுமையாகக் காரணம் எழுதி அனுப்புவோம். ஒரு பதிலும் வராது. கொஞ்ச மாதம் கழித்துப் பார்த்தால் அந்தச் சுட்டியையே காணோம். பிடிக்கவில்லை என்றால் வேறு மென்பொருளுக்குப் போங்கள் என்பீர்கள். சொந்தக் கணக்கென்றால் சரி, போய்விடலாம். அலுவலகக் கணக்கில் எதைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்வது நாங்கள் இல்லையே.

அதனால் கேட்கிறேன். பழைய அமைப்பைக் காலக்கெடு போடாமல் அமைப்புகள் பக்கத்தில் நிரந்தரமாக வையுங்கள். பொத்தானில் எழுத்து வேண்டுமா, படம் போதுமா என்பதை எங்களிடம் விடுங்கள். 'பதிலளி', 'அனைவருக்கும் பதிலளி', 'நீக்கு', 'அனுப்பு' இந்த நான்கையும் எந்தப் புதுப்பிப்பிலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வரும்படி வைக்காதீர்கள். அப்புறம், வெளியிடும் முன் திரைவாசிப்பானை நம்பி வேலை செய்பவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் இல்லை, ஒரு முழு வேலை வாரம். அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு எங்களுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளை நம்பி வேலை செய்யும் ஒரு பயனர்