அக்கா, வீடியோவை எடுத்துவிட்டேன்

அக்கா,

வீடியோவை எடுத்துவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி ஷோ முடிந்து, காரில் உட்கார்ந்தபடியே. உன் புடவைக் கதையை நான் மேடையில் ஜோக்காகச் சொன்ன வீடியோ, ஏழு வருஷம் நெட்டில் கிடந்தது. எடுக்க மூன்று தட்டு தட்டினால் போதுமாக இருந்தது. "நிரந்தரமாக நீக்கவா?" என்று ஒரு தடவை கேட்டது. அம்மா கேட்கிற மாதிரியே இருந்தது.

எடுத்துவிட்டால் ஆச்சா என்று நீ கேட்க மாட்டாய். நீ எதையும் கேட்பதில்லை, அதுதான் பிரச்சினை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை நீ "சாப்டியா?" என்றாய், அதோடு எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. இரண்டாவது தடவை மாமா எடுத்தார். 600 பேர் முன்னால் அடைக்காத தொண்டை உன்னிடம் மட்டும் அடைக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஊர் பார்க்க எழுதுவானேன் என்றால், அந்த ஜோக்கையும் ஊர் பார்க்கத்தானே சொன்னேன். (மறுபடியும் உன்னை வைத்துத்தான் ஒரு பக்கம் ஓட்டுகிறேன் என்று எழுதும்போதே தெரிகிறது.) உன் பெயர் இதில் வராது. மாமாவுக்கு என்ன வேலை, பாப்பா எந்தப் பள்ளிக்கூடம், எதுவும் வராது. தேடுகிறவர்கள் தேடிக் களைத்துப் போகட்டும்.

பல்லாவரம் ஸ்டேஷன், 2006, ஆடி மாதம். ராத்திரி பத்தரை தாண்டியிருக்கும். ஆடித் தள்ளுபடி நாளில் நீ வேலை பார்த்த ஜவுளிக்கடை எப்போது சாத்தும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் அப்பா என்னை அனுப்பியிருந்தார். மாம்பலத்திலிருந்து நின்றுகொண்டே வந்திருக்கிறாய். இறங்கியதும் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, "காலையில ஒம்பதரைக்கு அப்புறம் இப்பதாண்டா உக்காருறேன்" என்றாய். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தும் விட்டாய். ஏனென்றால் அன்றைக்கு நடந்ததை உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது.

கைப்பையை முழங்கையில் மாட்டி, அன்றைக்குப் புடவை பார்க்க வந்த அம்மாவாக ஆனாய். முந்தானையை விரித்துப் பிடித்து நீயாக ஆனாய். "இதுல பார்டர் சின்னதா இல்ல?" "இதே பார்டர்ல வேற பாடி?" "இதே பாடில அந்த பார்டர்?" 40 புடவை. இல்லாத புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்த பெஞ்சு முழுக்கப் போட்டாய். கடலை விற்கிறவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். கடைசியில் அந்த அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "அவ்ளோதானா? வேற இல்லையா?"

நீ நிமிர்ந்தாய். குரலை ஏற்றவில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பணிவாகவே சொன்னாய்: "இனிமே நான் கட்டியிருக்கறது ஒண்ணுதாம்மா பாக்கி."

கடலைக்காரர் தண்டவாளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தார். நான் பெஞ்சிலேயே உருண்டேன். அந்த 'ம்மா' இருக்கிறதே, 11 வருஷம் மேடையேறியும் எனக்கு அது வரவில்லை. மரியாதைக் குறைவு என்று யாரும் அதில் ஒரு எழுத்தைக்கூடப் பிடிக்க முடியாது. ஆனால் அந்த அம்மாவை 40 புடவைக்குள்ளும் சேர்த்துச் சுருட்டி வைத்துவிட்டாய்.

அப்புறம் சூப்பர்வைசர். அவர் குரலும் வந்தது. ஒரு நாள் சம்பளம் பிடித்தம் என்று அவர் சொன்னதைச் சொல்லிவிட்டு நீயே சிரித்தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டாய். சிரிப்பினால்தானா என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பதினாறு வயது. நான் கடலைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஆள், கடைசி வண்டிக்கு முன்னால் நாலு பொட்டலம் விற்க வேண்டியவர், கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறார். இது எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். உன் கால் வீங்கியிருந்தது அப்புறம்தான் கண்ணில் பட்டது, வீட்டுக்கு வந்து நீ வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்த பிறகு.

2014இல் ஓப்பன் மைக்குக்கு, யார் வேண்டுமானாலும் மேடையேறி ஜோக் சொல்லலாம் என்கிற இடத்துக்கு, போகிறேன் என்றதும், "நின்னுக்கிட்டே பேசுறதுக்கா காசு தர்றாங்க? அதத்தானடா நான் பதிமூணு வருஷமா பண்றேன்" என்றாய். அதையும் என் செட்டில், மேடையில் சொல்கிற தொகுப்பில், வைத்தேன். என்னுடைய வரியாக.

அடையாறில் ஒரு மொட்டைமாடி. ஐந்து நிமிஷம். புடவைக் கதையை நீ சொன்ன மாதிரியே சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது கத்திப்பாராவில் உறைத்தது: காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். கடலைக்காரர் நின்றது உன் பக்கம்.

அடுத்த வாரம் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. முகத்தை மட்டும் மாற்றினேன். வாயைக் கொஞ்சம் பிளந்து, கண்ணை மூன்று தடவை சிமிட்டி, கேட்டால் நிஜமாகவே அவிழ்த்துக் கொடுத்துவிடுகிற ஒரு மக்கு அந்த வரியைச் சொன்னாள். மாடியே அதிர்ந்தது. அந்த அம்மாவைப் பார்த்து வர வேண்டிய சிரிப்பு உன்னைப் பார்த்து வந்தது. எந்தப் பக்கம் பார்த்து வந்தால் என்ன, வந்ததே என்று இருந்தேன். அப்புறம் கழுத்துச் சாய்ப்பது சேர்ந்தது, திக்கல் சேர்ந்தது. நீ திக்கியதே இல்லை.

பேட்டி எடுக்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், உங்கள் காமெடி இவ்வளவு உண்மையாக இருக்கிறதே எப்படி என்று. "எங்க வீட்ல நடந்ததத்தாங்க சொல்றேன்" என்பேன். வார்த்தைக்கு வார்த்தை நடந்ததுதான். முகம் மட்டும்தான் நான் போட்டது.

மியூசியம் தியேட்டருக்கு நீ ஒரு தடவை வந்தாய், 2017இல். மேடையிலிருந்து பார்த்தால் அந்த அரைவட்டத்தில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தாய், அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஆட்டோவில் எழும்பூர் ஸ்டேஷன் வருவதற்குள் நீ சொன்னது ஒன்றே ஒன்று: "மைக் நல்லா கேட்டுச்சுடா."

ஏன் அக்கா? அவ்வளவு பெரிய கடையில், வேலை போகும் என்று தெரிந்தும், அந்த அம்மாவை ஒரே வரியில் மடக்கியவள் நீ. என்னைத் திட்ட உனக்கு வார்த்தையா இல்லை? அன்றைக்கு ஆட்டோவில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த வருஷம் அந்தக் கிளிப்பே வந்திருக்காது. சொல்லாமல் இருந்து என்னையே கண்டுபிடிக்க வைத்தாய், நான் கண்டுபிடிக்க எட்டு வருஷம் ஆனது. பாப்பாவுக்குக் காது குத்தும்போது "உனக்கு ஷோ இருக்கும்" என்று நீயே முடிவு பண்ணிக்கொண்டாய். அன்றைக்கு எனக்கு ஷோ இல்லை. வீட்டில் உட்கார்ந்து, மாமாவின் தம்பி வைத்த ஸ்டேட்டஸில் மொட்டைத் தலையைப் பார்த்தேன். அம்மாவின் முட்டி ஆபரேஷனுக்குக் கட்டிய பணமும் அந்த மக்கு சம்பாதித்ததுதான். சொல்லிக்காட்டக் கூடாது. சொல்லிவிட்டேன், இருக்கட்டும்.

நீ வேலையை விட்ட பிறகு, 2021 செப்டம்பரில், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டசபையில் திருத்தம் கொண்டுவந்தார்களே (கேரளாவில் 2018லேயே வந்துவிட்டது), அந்தச் செய்தியை உனக்கு அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரலை அனுப்பினாய். எனக்கு அதில் இரண்டு நிமிஷத்துக்கு ஜோக் கிடைத்தது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், இது உனக்குத் தெரியாது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை (நீ வேலை பார்த்தது இல்லை, பக்கத்திலும் இல்லை) இந்த ஆடிக்கு விளம்பரம் பேசியது. நான் புடவை கட்டிக்கொண்டு, அந்த முகத்தோடு, புடவை விற்க வேண்டும். கடைசியில் உன் வரி. தொகையை இங்கே எழுத மாட்டேன், வருமான வரிக்காரர்களும் படிக்கிறார்கள். நான் 'சரி' சொல்லிவிட்டேன் அக்கா. அதை மறைத்து நல்லவனாக ஆக விரும்பவில்லை. புடவை தேர்வு பண்ண மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பெண், இருபது வயது இருக்கும், ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். மேனேஜர், "சாரத் தெரியுதா?" என்றார். "தெரியும் சார். எங்கள மாதிரி செஞ்சு காட்டுவாரே" என்றாள். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது, சட்டப்படி. அதன் மேல் துணி மூட்டை இருந்தது.

காரை வாணி மகால் பக்கம் நிறுத்தியிருந்தேன். அங்கே கலைவாணர் சிலை இருக்கிறதே, 1969 ஜனவரியில் அண்ணா திறந்து வைத்தது. அடுத்த மாதமே அண்ணாவும் போய்விட்டார். கலைவாணர் முகத்தைப் பார்த்ததும் மனம் மாறினேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், நீ சிரிப்பாய். அப்போது நான் பார்க்கிங்குக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். முடியாது என்று சொல்ல எனக்கு இன்னும் நான்கு நாள் ஆனது.

சனிக்கிழமை கூட்டம் வழக்கம்போல் "அக்கா! அக்கா!" என்று கத்தியது. இப்போதெல்லாம் நான் வேறு எது சொன்னாலும் அதற்குக் காத்திருக்கிற நேரம்தான் அவர்களுக்கு. "அக்கா இனிமே வர மாட்டாங்க" என்றேன். சிரித்தார்கள். நிஜமாகத்தான் என்றேன், இன்னும் பலமாகச் சிரித்தார்கள். புரிந்ததும் அடங்கினார்கள். செட்டில் 15 நிமிஷம் ஓட்டை. பக்கத்து வீட்டு நாய், ஓலா டிரைவர் என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு அடைத்தேன், நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தர் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார். நியாயம்தான், அவர் உன்னைப் பார்க்க வந்தவர்.

அக்கா மேடையேறியிருந்தால் நான் அவளுக்கு மைக் பிடித்திருப்பேன் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறேன். நல்ல கைதட்டல். 2014இல் "நீயும் வா" என்று நான் கூப்பிடவில்லை. தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. நீ வந்தால் அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று கூப்பிடவில்லை.

அந்த ஒரு நாளுக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று நீ சொன்னதே இல்லை. அந்த வரியை வைத்து நான் எவ்வளவு வாங்கினேன் என்று எனக்குக் கணக்குத் தெரியும், ஆடிட்டரிடம் இருக்கிறது. உன் பக்கத்துத் தொகை மட்டும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், அப்போது சொல். பாப்பாவை எங்காவது அனுப்பிவிடு, நான் அழுதாலும் அழுவேன்.

இதைப் படித்துவிட்டுக் கட்டைவிரல் அனுப்பாதே. திட்டு. ஆனால் போனில் திட்டு அக்கா, இங்கே வேண்டாம், ஆட்கள் இருக்கிறார்கள்.

தம்பி