அந்தச் சாய்கோட்டை (/) எங்கே வைப்பது?

கோலாலம்பூரிலும் பாயான் லெப்பாசிலும் உட்கார்ந்து செயலி வடிவமைக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். பினாங்கில் லெபோ பாசாருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, லேமினேட் போடுவது, பாஸ்போர்ட் படம் எடுப்பது என்றுதான் பலகையில் எழுதியிருக்கிறது. ஆனால் இந்த நாலைந்து வருடமாகப் பாதி நேரம் வேறு வேலையில் போகிறது. நீங்கள் வெளியிடும் செயலிகளை, வருகிறவர்களின் கைப்பேசியை வாங்கி, நான் நிரப்பிக் கொடுக்கிறேன். ஆளுக்கு மூன்று வெள்ளி (ரிங்கிட்). வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நீங்கள் ஒழுங்காகச் செய்திருந்தால் எனக்கு இந்த வருமானமே இருக்காது.

போன சனிக்கிழமை ஒரு பெரியவர் வந்தார். வயது 74, துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஏதோ ஒரு சேவைக்குப் பதிய வேண்டும் (எதுவென்று சொல்ல மாட்டேன், ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்). முதல் கட்டம் பெயர். ‘அடையாள அட்டையில் உள்ளபடி’ என்று கீழே போட்டிருக்கிறது. அவரும் அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு, தன் பெயர், ‘ஏ’, சாய்கோடு, ‘எல்’, அப்பா பெயர் என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்திருக்கிறார். சிவப்பில் ஒரு வரி வந்தது: செல்லாத எழுத்து. எந்த எழுத்து என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? வீட்டில் மூன்று முறை அழித்து அழித்து எழுதியிருக்கிறார். அப்பா பெயரைத்தான் தப்பாக எழுதுகிறோமோ என்று அலமாரியிலிருந்து பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தாராம். அதற்கப்புறம்தான் என் கடைக்கு வந்தார், கையில் அந்தப் பத்திரத்தோடு.

அந்தச் சாய்கோடு அவர் வைத்துக்கொண்டது இல்லை. ‘ஏ/எல்’ என்றால் மலாயில் ‘அனாக் லெலாக்கி’, இன்னார் மகன். பெண்ணாக இருந்தால் ‘அனாக் பெரெம்புவான்’. நம்மில் ஏராளமானோர் பெயருக்கு நடுவில் அது நிற்கிறது, அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்தது. சாய்கோட்டை எடுத்துவிட்டு அனுப்பினேன், உள்ளே விட்டது. அடுத்த பக்கத்தில் அட்டையைப் படம் பிடித்ததும், பெயர் பொருந்தவில்லை என்று வெளியே தள்ளியது. முன்வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, உள்ளே போனதும் ‘செருப்பு எங்கே?’ என்று கேட்டால் மனிதன் என்னதான் செய்வான்?

இன்னும் சிலது பெயரை இரண்டாகப் பிளக்கச் சொல்கிறது, முதல் பெயர், குடும்பப் பெயர் என்று. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? மலாய்க்காரர்களுக்கும் ‘பின்’ (மகன்), ‘பிந்தி’ (மகள்) என்பதற்குப் பிறகு வருவது அப்பா பெயர்தான். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, ஆனால் அது முன்னால் வரும். ஆக, இந்த நாட்டில் பெரும்பாலோருக்குப் பொருந்தாத இரண்டு கட்டத்தை எங்கிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு மாதாமாதம் ‘ஏ’யையும் ‘எல்’லையும் சேர்த்து ‘அன்புள்ள திரு. ஆல்’ என்று மின்னஞ்சல் வருகிறது. அவர் மனைவிக்கு வரும் மின்னஞ்சல் அந்த அம்மாவின் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது, அந்த மாமனார் இறந்து பத்து வருடம் ஆகிறது. ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம், நீளமாக, சாய்கோட்டை ஏற்றுக்கொள்வதாக இருந்தால் போதும்.

சரி, பெயரை விடுங்கள். அடையாள அட்டை எண் 12 இலக்கம். முதல் ஆறில் பிறந்த ஆண்டும் மாதமும் தேதியும் இருக்கிறது, அடுத்த இரண்டில் பிறந்த இடம் (07 என்றால் பினாங்கு, 14 என்றால் கோலாலம்பூர்), கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்திலேயே பிறந்த தேதி என்ன, ஆணா பெண்ணா என்று கேட்கிறீர்கள். 51 என்று ஆரம்பித்தால் 1951ஆ 2051ஆ என்று சந்தேகமாம் போலிருக்கிறது! பெரியவரிடம் ஒரு நாட்காட்டி திறந்தது, இந்த மாதத்தில் நிற்கிறது. அம்புக்குறியைத் தொட்டால் ஒரு மாதம் பின்னால் போகும். 74 வருடத்துக்கு 888 தட்டு. மேலே உள்ள ஆண்டைத் தொட்டால் பட்டியல் திறக்கும் என்பது எனக்குத் தெரியும், நாலு வருடமாக இதே வேலை. அது தொடக்கூடியது என்று காட்ட அங்கே ஒரு கோடுகூட இல்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?

தமிழில் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு பொத்தான் இருந்தது. மாற்றினேன். முகப்புக்குப் போகும் இடத்தில் ‘வீடு’ என்று வந்தது, பெரியவர் வீட்டு முகவரியைக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். கடைசியில் இருந்த பொத்தானில் ‘சமர்ப்பிக்க’ வரைக்கும்தான் இடம், மீதி வெட்டுப்பட்டுக் கிடந்தது. ‘அனுப்பு’ என்று போட்டிருந்தால் இடமும் மிச்சம், புரியவும் புரியும். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். கணினியில் தமிழ் எழுத வழி செய்த நாட்டிலிருந்தா இப்படி வர வேண்டும்?

வெளிர் சாம்பல் எழுத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடாவது வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிமுறையில் இருப்பதுதான், உங்களுக்கே தெரியும்.

பணம் இல்லை, நேரம் இல்லை, சோதிக்க ஆள் இல்லை என்பீர்கள். ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே சுமார் 85 விழுக்காட்டுக் குறைகள் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு வடிவமைப்பு நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஐந்து பேர் என் கடையில் காலை பத்து மணிக்குள் வந்துவிடுவார்கள். ஒரு சனிக்கிழமை வாருங்கள், முக்காலி தருகிறேன், தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) என் கணக்கில். ஒரே ஒரு நிபந்தனை, யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, வாயை மூடிக்கொண்டு அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் புதுக் கைப்பேசி வேண்டாம், திரை கீறிய பழையது ஒன்று கொண்டுவாருங்கள்.

இந்த வாரமே வந்தால் நல்லது. அந்தப் பெரியவர் திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் பெயர் இன்னும் ஏறவில்லை.